நெட்டை நாற்றை விதைக்கு எடுக்கலாமா?

குறுவை நாற்றங்கால் போடும் நேரத்தில் டெல்டா வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: நாற்றங்காலில் நாலைந்து நாற்று மட்டும் மற்றதைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றால் அது வீரிய நாற்று, தனியே நட்டு விதைக்கு எடுங்கள் என்று. தவறு.

அது பெரும்பாலும் நோய். விதையோடு வரும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை, ஜிப்ரலின் என்ற ஹார்மோனைச் சுரந்து நாற்றை இழுத்துவிடுகிறது. நெல்லும் அதே ஹார்மோனைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, ஆனால் அளவோடு. ஜப்பானியர் இந்த நோய்க்கு வைத்த பெயர் 'பக்கானே', அதாவது முட்டாள் நாற்று. பொருத்தமான பெயர்தான். 1926-இல் குரோசாவா என்பவர், பூஞ்சை வளர்ந்த நீரை வடிகட்டிக் கொடுத்தாலே நாற்று நெட்டையாவதைக் காட்டினார். ஜிப்ரலின் விஞ்ஞானிகள் கையில் சிக்கியது அந்த வழியாகத்தான்.

குனிந்து பார்த்தால் தெரியும்: வெளிறிய பச்சை, ஒல்லித் தண்டு, சிலதில் தரைக்கு மேலே கணுவிலேயே வேர். பல நாற்று நட்டதும் காய்ந்துவிடும். தப்பியது கதிர் விட்டாலும் பெரும்பாலும் பதர். அதில் விதை எடுத்தால் நோயையும் சேர்த்தே எடுக்கிறோம்.

அப்புறம், உயரம்தான் வீரியம் என்றால் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் ரகம் ஜெயித்தே இருக்காது. அதன் குட்டை உருவத்துக்குக் காரணமே ஜிப்ரலின் குறைவுதான்.

இப்படி நாற்றைக் கண்டால் பிடுங்கி எரித்துவிடுங்கள். விதையை நோயில்லாத வயலிலிருந்து எடுங்கள். உப்புக் கரைசலில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிடுங்கள்.