எலி காலை இழுத்துக்கொண்டால் வலி தெரிந்துவிடுமா?

நரம்பு வலிக்கான மருந்து ஒன்று மனிதப் பரிசோதனையில் தோற்றால் போதும், "எலி வேறு, மனிதன் வேறு" என்று கிளம்பிவிடுகிறார்கள். மருந்தியல் படித்து அந்தத் துறையின் ஓரத்தில் பிழைப்பவன் நான். எலி மீது பழி போடுவது சுலபம். அந்த எலியிடம் நாம் கேட்டது என்ன என்பதை யாரும் கவனிப்பதில்லை.

1988-ல் பென்னெட், ஷியே என்ற இருவர் ஒரு முறையை வெளியிட்டார்கள். எலியின் தொடையைத் திறந்து, இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் சியாட்டிக் நரம்பைச் சுற்றிக் கேட்கட் என்ற குடல் நூலால் நான்கு தளர்வான முடிச்சுகள் போடுவார்கள். நரம்பு வீங்கி முடிச்சுகளுக்குள் நெரிபடும். சில நாட்களில் அந்த எலி காலை ஊன்றத் தயங்கும், விரல்களை ஒடுக்கி, பாதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், நக்கிக்கொண்டே இருக்கும். பிறகு 1990, 1992, 2000 என்று நரம்பைக் கட்டுவதற்கும் வெட்டுவதற்கும் வேறு வேறு முறைகள் வந்தன. காயத்தை உண்டாக்குவதில் நாம் தேர்ந்துவிட்டோம்.

அளப்பதில்தான் கோட்டை விட்டோம். கம்பி வலைத் தரையில் எலியை நிறுத்தி, கீழிருந்து நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார்கள். வான் ஃபிரே இழை என்று பெயர். 1890-களில் வான் ஃபிரே என்ற உடலியங்கியலாளர் குதிரை முடியை வைத்துச் செய்ததன் வாரிசு. ஒவ்வோர் இழையும் குறிப்பிட்ட விசையில் வளையும். நலமான எலி 15 கிராம் வரை பொறுத்துக்கொள்ளும். நரம்பு நெரிந்த எலி 4 கிராமுக்கே காலை இழுத்துவிடும். மருந்து கொடுத்த பின் மறுபடி பொறுத்துக்கொண்டால் "வலி குறைந்தது" என்று எழுதிவிடுவோம்.

தண்டுவடத்தைத் துண்டித்து மூளையோடு தொடர்பே அற்றுப்போன எலியும் குத்தினால் காலை இழுக்கும். அது அனிச்சைச் செயல், வலியை உணர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை. சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். யாரும் தொடாமலே பாதம் எரிகிறது, ராத்திரி போர்வை பட்டால் தூக்கம் போகிறது என்பார்கள். போர்வையை மட்டும் அளந்துவிட்டு எரிச்சலை விட்டுவிட்டோம்.

வலிச் செய்தியைக் கடத்தும் சப்ஸ்டன்ஸ் பி என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்துகள் விலங்குகளில் நம்பிக்கையூட்டின. மனிதர்களின் வலியில் பெரும்பாலும் தோற்றன. அந்த வகையைச் சேர்ந்த அப்ரெபிடன்ட் 2003-ல் கீமோதெரபி வாந்திக்கு மருந்தாக வந்து சேர்ந்தது! ஆனால் கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து பிறந்த சிகோனோடைட் என்ற வலி மருந்து, விலங்கு ஆய்வைக் கடந்து 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எலி எப்போதுமே பொய் சொல்லும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

2009-ல் வந்த ஓர் ஆய்வை இந்தத் துறையில் எல்லோரும் படித்திருக்க வேண்டும். நரம்பு காயப்பட்ட எலிக்கு ஓர் அறையில் மருந்து, வேறோர் அறையில் வெறும் உப்புநீர். பின்னர் அதன் இஷ்டத்துக்கு விட்டால் எங்கே போய் இருக்கிறது? குளோனிடைன் என்ற வலி குறைக்கும் மருந்தோ அந்த நத்தை நஞ்சு வகை மருந்தோ கொடுத்த அறையை எலி தேடிப் போனது. காயமில்லாத எலிக்கு அந்த நாட்டமில்லை. அடினோசின் என்ற இன்னொரு மருந்து கால் இழுப்பதைக் குறைத்தது. ஆனால் அது கொடுத்த அறையை எலி நாடவில்லை. இழையை மட்டும் நம்பியிருந்தால் அடினோசினும் தேறியிருக்கும்.

இன்னொரு கூத்து: வலி ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண் விலங்குகளையே பயன்படுத்தினார்கள். நாட்பட்ட வலியால் அதிகம் அவதிப்படுவதோ பெண்கள். 2015-ல் மான்ட்ரியலைச் சேர்ந்த வலி ஆய்வாளர் மோகிலின் குழுவினர், ஆண் சுண்டெலிகளில் வலியைத் தூண்டும் மைக்ரோக்ளியா என்ற நரம்பு மண்டல நோயெதிர்ப்புச் செல்களுக்குப் பெண் சுண்டெலிகளில் அந்த வேலை இல்லை என்று காட்டினார்கள். (ஆண் ஆய்வாளரின் வாசனை பட்டாலே எலிகளின் வலி வெளிப்பாடு குறைகிறது என்று அதற்கு முந்தைய வருடம் சொன்னதும் இவர்கள்தான். எத்தனை பழைய முடிவுகள் யார் சட்டை வாசனையால் வந்தவையோ!)

விலங்கு ஆய்வே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நெரிபட்ட நரம்பு வாரக்கணக்கில் தண்டுவடத்தை எப்படி மாற்றுகிறது என்பதைத் தட்டில் வளர்த்த செல்லில் முழுதாகப் பார்க்க முடியாது. ஆனால் விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் எத்தனை எலி, ஏன் அத்தனை என்று துருவுவதோடு நிற்கக் கூடாது. எதை அளக்கப் போகிறாய், நோயாளி சொல்லும் வலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்க வேண்டும். வெறும் இழையை வைத்து மட்டும் அளப்பேன் என்று வரும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.