சனிக்கிழமை நைட்டு லோடு கம்மின்னு எவன் சொன்னது?

இன்னிக்கு மத்தியானம், எங்க சர்வர பாத்துக்கிற சென்னை ஆளுங்க அனுப்பின மெயில பாத்ததுலேர்ந்து கை நடுங்குது. "அடுத்த கட்ட அப்கிரேடு, வர்ற சனிக்கிழமை நள்ளிரவு 2 மணி. வீக்கெண்டுங்கிறதால லோடு கம்மியா இருக்கும்." எவன் சொன்னது லோடு கம்மின்னு? ராமேஸ்வரத்துல விசைப்படகு கடலுக்குப் போறது வாரத்துல மூணே நாளு, திங்கள், புதன், சனி. சனிக்கிழமை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிட்டுப் போற போட்டு ஞாயித்துக்கிழமை விடியக்காலம் கரைக்கு வரும். வர்ற சரக்க எடை போட்டு சீட்டு அடிக்கிற எங்க சிஸ்டத்துக்கு மூச்சு முட்டுற நேரமே அதான். சென்னைல உக்காந்து காலண்டர்ல ஞாயிறு சிவப்பா இருக்குன்னு தேதி குறிக்கிறாங்க, கடல் எப்ப லீவு எப்ப தொழில்னு தெரியலன்னா கேக்கலாம்ல, ஒரு போன் போட்டா சொல்லிட்டுப் போறேன்.

போன ஞாயித்துக்கிழமை நடந்தது இன்னும் நெஞ்சுல நிக்குது. கணக்கெல்லாம் இருக்கிற எங்க டேட்டாபேஸ் மைசீக்வல், அத 5.7 வெர்ஷன்லேர்ந்து 8.0க்கு மாத்துற வேலை. அரை மணி நேர வேலைன்னாங்க. 2.40க்கு டேட்டாபேஸ் எந்திரிச்சிருச்சு, க்ரூப்ல கட்டைவிரலா போட்டுட்டு எல்லாரும் தூங்கப் போயிட்டாங்க. 4.15க்கு மொத போட்டு சரக்கு வருது. வெள்ள எறா, 40 கவுண்ட் (கிலோவுக்கு நாப்பது எறா), தராசுல வச்சாச்சு, சீட்டு அடிக்கிற பையன் பட்டன தட்டுறான், சீட்டு வரல. திரும்ப தட்டுறான், எரர். அடுத்த கூடை வந்து நிக்குது, அதுக்குப் பின்னாடி கணவாய், அதுக்குப் பின்னாடி நண்டு, தரையெல்லாம் ஐஸ் தண்ணி ஓடுது, நான் ஈரக்கையோட லேப்டாப்ப தொறக்குறேன். எறா தரத்த வரிசைப்படுத்த எங்க டேபிள்ல ரேங்க்னு பேர் வச்சு ஒரு நெடுவரிசை வச்சிருக்கோம், 8.0ல அது ரிசர்வ்டு வேர்டு, அதாவது மைசீக்வல் தனக்குன்னு ஒதுக்கி வச்ச சொல்லு, அதச் சுத்தி பேக்டிக் (`) குறி போடாம எழுதின க்வெரி, டேட்டாபேஸுக்குக் குடுக்கிற கட்டளை, அத்தனையும் படுத்துருச்சு. இது ஒன்னும் ரகசியம் இல்லங்க, டாக்குமெண்ட்லயே போட்டிருக்கு, அப்கிரேடு பண்றதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்க மைசீக்வல் ஷெல்லுங்கிற டூல்ல ஒரு செக்கரே இருக்கு. அத ஒருத்தரும் ஓட்டல. டெஸ்ட் சர்வர்ல ஒரே ஒரு எடைச் சீட்டு அடிச்சுப் பாத்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும்.

சரி பழசுக்கே மாத்துங்கன்னு போன்ல கத்துறேன். 8.0க்குப் போன டேட்டாவ அப்படியே 5.7க்கு எறக்க வழி கெடையாது, பேக்கப்பத்தான் ரெஸ்டோர் பண்ணணும், அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா அந்தப் பக்கம் சத்தமே இல்ல, ஏன்னா அந்த பேக்கப்ப ஒரு தடவகூட ரெஸ்டோர் பண்ணிப் பாத்ததில்ல. ரெஸ்டோர் பண்ணிப் பாக்காத பேக்கப்ப நம்பி ப்ரொடக்ஷன்ல, நெசமா தொழில் ஓடுற சர்வர்ல, கைய வைக்கலாமா?

ராத்திரி பூரா கடல்ல கெடந்துட்டு வந்த மனுசன், கண்ணெல்லாம் செவந்து போயி, "தம்பி சீட்டக் குடுப்பா, ஐஸு கரையுது"ங்கிறார். அவருக்கு நான் ரிசர்வ்டு வேர்டுன்னா சொல்ல முடியும்? கடைசில பழைய நோட்டக் கிழிச்சு கையால எழுதிக் குடுத்தோம். ஈரக்கை பட்டு மை ஊறி, நாலு போட்டு கணக்கு இன்னி வரைக்கும் நேராகல. க்வெரிய சரி பண்ணி சீட்டு வர ஆரம்பிச்சப்ப மணி பத்து. அப்பவும் ரிப்போர்ட்டுல கவுண்ட் முன்னபின்ன மாறி மாறி வருது, பழசுல தொகுத்துக் குடுன்னு குரூப் பை போட்டா தானா வரிசையா வரும், 8.0ல வரிசைப்படுத்துன்னு ஆர்டர் பை தனியா எழுதணும்.

அப்கிரேடே வேணாம்னு நான் சொல்லல. 5.7க்கு 2023 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, அதுக்கு அப்புறமும் அதுலயே ஓட்டிட்டு இருந்தது தப்பு தான். 2017 மே மாசம் கம்ப்யூட்டர பூட்டிட்டுக் காசு கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகம் பூரா அடிச்சுதே, அதுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே ஓட்டைய அடைக்கிற பேட்ச் குடுத்துட்டாங்க, போடாம வச்சிருந்தவங்க தான் மாட்டுனாங்க. தள்ளிப்போடுறதும் ஆபத்துன்னு எனக்குத் தெரியும். அதனால தானய்யா ஜனவரிலயே எழுதிக் குடுத்தேன்! ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாளு விசைப்படகு எல்லாம் கரைல கெடக்கும், நாட்டுப்படகு சரக்கு மட்டும் தான் வரும், அத நோட்டுலயே எழுதிச் சமாளிச்சிரலாம், அப்ப பண்ணுவோம்னு. மெக்கானிக்கு எஞ்சின பிரிக்கிறதும் ஓனர் பலகைய மாத்தி பெயின்ட் அடிக்கிறதும் அந்த ரெண்டு மாசத்துல தானே, நம்ம சர்வருக்கும் அதான் காலம்னு தெளிவா எழுதினேன். "ஓடுறத எதுக்குத் தம்பி நோண்டணும்"னு மொதலாளி ஒதுக்கிட்டாரு. தடை முடிஞ்சு போட்டு எறங்கி மீன்பாடு நல்லா வர ஆரம்பிச்ச நேரத்துல ஆடிட்டர் ஒரு வரி எழுதிட்டாராம், ஒடனே அவசரம். கேட்டப்ப 61 நாள் சும்மா கெடந்துச்சு, இப்ப ஒரு சனிக்கிழமை கூட பொறுக்க முடியல.

இப்ப மைசீக்வல் 8.4 வெர்ஷனுக்குப் போகணுமாம், 5.7லேர்ந்து நேரா தாவ முடியாது, 8.0 வழியாத்தான் போகணும், அதனால தான் இன்னொரு சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை ராத்திரி வைங்க, புதன் காலைல போட்டு வெளிய தான் போகும், ஒன்னும் கரைக்கு வராதுன்னு பதில் போட்டுட்டேன். இன்னும் பதில் இல்ல.

இதுக்கு நடுவுல வீட்டுல மூணு நாளா நல்ல தண்ணி வரல, எறா நாத்தத்தோட வந்து உப்புத் தண்ணில குளிச்சா சோப்பு நுரைக்க மாட்டேங்குது, குடத்துக்குக் காசு குடுத்து வாங்கி வச்சதும் காலி, தண்ணி வண்டிக்காரன் போன எடுக்கவே மாட்டேங்குறான்.