எத்தனை புள்ளி எடுத்தார்?

கும்பகோணத்தில் நாங்கள் மாலையில் கூடைப்பந்து ஆடும் திடலில் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் இந்தியானா பேசர்ஸ் அணி ஆட்டக்காரரான டைரீஸ் ஹாலிபர்ட்டனின் பெயரை எடுத்தாலே, “ஓவர்ரேட்டட் தம்பி, எத்தனை புள்ளி எடுத்தார் சொல்லு” என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவர் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். அவர் வேலை புள்ளி குவிப்பது மட்டும்தானா? 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 9.2 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) கொடுத்து, பந்தை 1.6 முறை மட்டுமே பறிகொடுத்தவரை வேறு எதைக் கொண்டு அளப்பது?

2025 ஏப்ரலில் சக என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் பெயர் வெளியிடாமல் வாக்களித்து, தகுதிக்கு மீறிப் புகழப்படும் ‘ஓவர்ரேட்டட்’ ஆட்டக்காரர்கள் பட்டியலின் தலையில் அவரை வைத்ததைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டுகிறார்கள். அதே ஆண்டு ஜூனில், என்.பி.ஏ. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், 0.3 நொடி மீதமிருக்கையில் பந்தை வளையத்துக்குள் போட்டு ஓக்லஹோமா அணியை 111-110 என்று அவர் வீழ்த்தியதை ஏன் காட்டுவதில்லை? நம் ஊரில் அப்போது காலை நேரம். டீக்கடையில் பிஸ்கட் பாட்டில்மேல் சாய்த்து வைத்த கைப்பேசியில்தான் பார்த்தோம். அன்று டபராவைத் தட்டிவிட்டுக் குதித்த அண்ணன், மாலையில் திடலுக்கு வந்ததும் “அது அதிர்ஷ்டம்” என்றார்!

அதே தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் மூன்று த்ரீ பாயின்டர் போட்டபின், குதிகால் தசைநார் அறுந்து அவர் தரையை அறைந்துகொண்டு கிடந்ததைப் பார்த்தும், “பெரிய ஆட்டத்தில் காணோமே” என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? அப்படிச் சொன்னவர் எங்கள் திடலில் என்றைக்காவது ஒருவருக்கு ஒழுங்காகப் பாஸ் கொடுத்திருக்கிறாரா?