கறுப்பாக இருந்தால் மருந்தாகிவிடுமா?

மொரிஷியஸில் பெரியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். இந்தக் கரும்புத் தீவில் "கறுப்பு சாக்லேட் இதயத்துக்கு நல்லது" என்று வாட்ஸாப்பில் ஒன்று சுற்றினால் போதும், தீபாவளித் தட்டில் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரமான கத்தோ பத்தாத்துக்குப் பக்கத்தில் சாக்லேட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்டால், உடம்புக்கு நல்லதாம்!

நல்லது செய்வது சாக்லேட் அல்ல, கொக்கோவில் உள்ள ஃபிளவனால் என்ற தாவரச் சத்து. ரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க அது உதவுகிறது, குழாய் தளர்ந்து கொடுக்கிறது. நாளுக்கு 200 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தால் இந்தப் பலன் உண்டு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஒப்புக்கொண்டது. பலனின் அளவையும் பார்க்க வேண்டும். 2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ரத்த அழுத்தம் சராசரியாக 2 புள்ளிகூடக் குறையவில்லை. இதை நம்பிப் பிரஷர் மாத்திரையை நிறுத்துவது பைத்தியக்காரத்தனம். அமெரிக்காவில் 21,442 பேரிடம் நடந்த காஸ்மாஸ் ஆய்வில் இதய நோய் மரணம் 27 சதவீதம் குறைந்தது உண்மை. ஆனால் முதன்மையாக அளந்த மொத்த இதய, ரத்தக்குழாய் பாதிப்புகளில் உறுதியான வித்தியாசம் இல்லை. அவர்கள் விழுங்கியதும் கொக்கோச் சாறு அடைத்த மாத்திரைதான், சாக்லேட் கட்டி இல்லை.

சரி, கடையில் எதை எடுப்பது? 70 சதவீதம், 85 சதவீதம் என்ற எண்ணை நம்பாதீர்கள். அது கொக்கோவும் கொக்கோ வெண்ணெயும் சேர்ந்த எடை, ஃபிளவனால் கணக்கு இல்லை. என் கட்சி இனிப்பில்லாத கொக்கோத் தூள். அதிலும் காரம் (அல்கலி; மிளகாய்க் காரம் அல்ல) சேர்க்காதது. கசப்பும் புளிப்பும் குறையவும் நிறம் கறுக்கவும் காரம் சேர்ப்பார்கள், டச்சு முறை என்பது அதுதான். ஃபிளவனால் அங்கேதான் போகிறது: ஓர் ஆய்வில் இயற்கைத் தூளில் கிராமுக்கு சராசரி 34.6 மில்லிகிராம், அதிகக் காரம் ஏறியதில் வெறும் 3.9. அதாவது 200 மில்லிகிராமுக்கு முதலாவதில் 6 கிராம், மூன்று தேக்கரண்டி போதும். இரண்டாவதில் 50 கிராமுக்கு மேல் வேண்டும். கறுப்பு கூடக் கூட மருந்து கூடும் என்ற நினைப்புக்கு நேர் எதிர். நம் கடைகளில் லேபிள் பெரும்பாலும் பிரெஞ்சில் இருக்கும். 'கார்போனாத் தெ பொத்தாசியோம்' (பொட்டாசியம் கார்பனேட், அந்தக் காரம்தான்) அல்லது ஈ 501 என்று கண்டால் வைத்துவிடுங்கள். நல்ல தூள் வெளிர் செம்பழுப்பு, நாக்கில் லேசாகப் புளிக்கும்.

தூளைச் சூடான பாலில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும், கொழுப்பு இருப்பதால் சட்டென்று நனையாது. இரண்டு கரண்டி வெந்நீரில் குழைத்து விழுதாக்கிய பிறகு 150 மில்லி பால் ஊற்றுங்கள். சர்க்கரைக்குப் பதில் கறுவாப்பட்டை. வாழைப்பழம் போட்டு அடிக்காதீர்கள்! அதிலுள்ள நொதி ஃபிளவனாலைச் சிதைக்கிறது. 2023இல் வந்த ஓர் ஆய்வில் வாழைப்பழ பானத்தோடு குடித்தவர்கள் உடலில் சேர்ந்தது 84 சதவீதம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கவும்.

சாக்லேட் கட்டிதான் வேண்டும் என்றால் 20 கிராம், அதற்கு மேல் வேண்டாம். 70 சதவீதக் கட்டியில் அதற்குள்ளேயே சுமார் 6 கிராம் சர்க்கரையும் 120 கலோரியும் போய்விடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தினமும் சாப்பிட வேண்டாம், கொக்கோவில் காட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்வது உண்டு.

போர்ட் லூயி ஜனவரி வெயிலில் கட்டி இளகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளை படரும். பூஞ்சணம் என்று பயந்து தூக்கிப் போடாதீர்கள், கொழுப்புதான் மேலே வந்திருக்கிறது. குளிர்பெட்டியில் வைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எடுத்ததும் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் வியர்க்காது.