தாயின் பொழுதுபோக்கு

போன வாரம் மகள் பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டு வந்தாள். பெற்றோர் பெயர், தொழில் எல்லாம் கேட்டுவிட்டுக் கீழே இரண்டு கட்டங்கள். தந்தையின் பொழுதுபோக்கு, தாயின் பொழுதுபோக்கு. அப்பாவுடையதை யாரையும் கேட்காமல் அவளே நிரப்பிவிட்டாள்: மேட்ச் பார்ப்பது, பழைய பாட்டு கேட்பது, நண்பர்களோடு பேசுவது. என் கட்டம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். "புத்தகம் படிப்பதுன்னு எழுது" என்றேன். "நீ எப்பம்மா படிச்ச?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்து, நினைவுக்கு வராமல்தான் கேட்டாள்.

அந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நம் சொற்களையே பாருங்கள். மழை ஓய்ந்தது என்கிறோம், கை ஓய்ந்து போனது என்கிறோம். அந்த ஓய்தலிலிருந்து வந்ததுதான் ஓய்வு. வேலை முதலில், களைப்பு அடுத்து, ஓய்வு அதற்கும் பிறகு. பொழுதுபோக்கு என்ற சொல்லிலோ பொழுது எப்படியாவது போக்கியாக வேண்டிய ஒன்றாக இருக்கிறது. "சும்மா இருக்கேன்" என்று சொல்லக்கூட நமக்குக் கூச்சம். "ஓய்வு ஒழிச்சல் இல்லாம உழைக்கிறா" என்றால் அது பாராட்டு.

பழைய கிரேக்கர்களிடம் இது தலைகீழாக இருந்தது. ஓய்வு நேரத்துக்கு அவர்களிடம் தனிச்சொல் இருந்தது: ஸ்கோலே. வேலைக்குத்தான் எதிர்மறைச் சொல், அஸ்கோலியா, அதாவது ஓய்வின்மை. ஓய்வோடு இருப்பதற்காகத்தான் நாம் வேலை பார்க்கிறோம் என்றார் அரிஸ்டாட்டில். அந்த ஸ்கோலேதான் கைமாறிக் கைமாறி ஸ்கூல் ஆனது. கற்பதும் விவாதிப்பதும் ஓய்வு நேரத்துக்கான காரியங்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். இன்று அந்த ஸ்கூலிலிருந்து வரும் பிள்ளைக்கு மூச்சு விட நேரமில்லை. சரி, அது வேறு ஒரு பதிவுக்கான விஷயம்.

ஆனால் கிரேக்கர்களை நான் புகழ்ந்துகொண்டே போக முடியாது. அவர்களுடைய ஓய்வு அடிமைகளின் முதுகில் உட்கார்ந்திருந்தது. அரிஸ்டாட்டிலுக்கும் அது தெரியும். தறியில் குறுக்கே நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா தானாக ஓடி நெய்துவிடுமானால் எசமானர்களுக்கு அடிமைகள் தேவைப்படமாட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

நாடா தானாக ஓடத்தான் செய்தது. 1785இல் இங்கிலாந்தில் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் என்ன நடந்தது? யாருக்கும் பொழுது மிஞ்சவில்லை. வீட்டில் தறி போட்டிருந்தவர் வேண்டும்போது எழுந்து காலாற நடக்கலாம். ஆலைச் சங்கு ஊதினால் முடியுமா? இயந்திரத்துக்குக் களைப்பு கிடையாது, அதனால் அதன் பக்கத்தில் நிற்பவருக்கும் களைப்பு வரக்கூடாது என்றானது. குழந்தைகளும் தப்பவில்லை. 9 முதல் 13 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பஞ்சாலையில் ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று 1833இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. அதற்கே சட்டம் தேவைப்பட்டது என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் பதறுகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். எந்த இயந்திரமும் யாருக்கும் ஓய்வு நேரத்தைத் தரவில்லை. மனிதர்கள் சேர்ந்து நின்று கேட்டு வாங்கியது அது. 1856இல் மெல்பர்னில் கல்தச்சர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு ஊர்வலமாகப் போனார்கள், கூலி குறையாமல் 8 மணி நேர வேலையைப் பெற்றார்கள். சிகாகோவில் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. 1886 மே மாதம் அங்கே நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக அடுத்த ஆண்டு நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உருவானபோது அதன் முதல் ஒப்பந்தமே வேலை நேரத்தைப் பற்றியதுதான்: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. 1948இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு ஓய்வையும் ஓய்வு நேரத்தையும் உரிமை என்றே சொல்கிறது. மறுநாள் நன்றாக வேலை செய்வதற்காக என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்தக் காலத்துத் தொழிலாளர்களின் முழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. 8 மணி நேரம் வேலைக்கு, 8 மணி நேரம் உறக்கத்துக்கு, 8 மணி நேரம் எங்கள் விருப்பத்துக்கு. உறக்கத்தைத் தனியாகக் கேட்டுவிட்டார்கள் பாருங்கள். உடம்பு தேறுவதற்கு உறக்கம் இருக்கிறது. மூன்றாவது 8 மணி நேரம் எதற்கு என்று அவர்கள் விளக்கம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

ஆனாலும் அந்த மூன்றாவது பங்கில்தான் ஒரு சமூகம் சமூகமாக இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தால் போய் உட்கார நேரம் வேண்டும். சங்கம் வைப்பதற்கும் கூட்டத்துக்குப் போவதற்கும் நேரம் வேண்டும். ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று நிதானமாக இரண்டு பேரிடம் விசாரிக்கவும் நேரம்தான் வேண்டும். 12 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவரிடம் போய் ஊர்ப் பொறுப்பு, குடிமக்கள் கடமை என்றெல்லாம் பேசுவது நியாயமே இல்லை. அவரால் முடியாது. பேசுவதற்கும் கேள்வி கேட்பதற்கும் நேரமில்லாத மக்களை ஆள்வது எளிது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் கட்டத்துக்கு வருகிறேன்.

ஆலைக்கும் அலுவலகத்துக்கும் மணிக்கணக்கு வந்தது. வீட்டுக்கு வரவே இல்லை. அந்த மூன்று எட்டில் சமையலும் துவைப்பதும் பிள்ளையைப் படிக்க வைப்பதும் நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் எந்த எட்டில் சேரும்? அலுவலகத்தில் எனக்கும் 8 மணி நேரம்தான், என் கணவருக்கும் 8 மணி நேரம்தான். வீட்டுக்கு வந்தபின் அவருக்கு மூன்றாவது எட்டு ஆரம்பிக்கிறது, எனக்கு இரண்டாவது வேலை ஆரம்பிக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. கேட்டால் உதவுவார். ஆனால் கேட்க வேண்டும்.

எனக்கு நேரமே இல்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று துண்டு துண்டாகக் கிடைக்கிறது. ஒரு காது அடுப்பில், ஒரு காது குழந்தையிடம். அந்தத் துண்டுகளில் புத்தகத்தைத் திறக்க முடியாது, போனைத்தான் திறக்க முடியும். அந்தத் துண்டுகளை எல்லாம் கூட்டிக் காட்டி "உனக்கும் தினம் ஒரு மணி நேரம் கிடைக்குதே" என்றால் அந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்த ஒரு மணி நேரம் வேறு.

இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும் என்கிறார்கள். நூறு ஆண்டுகளில் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்று 1930இல் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் சொன்னார். அவர் சொன்ன கெடு 2030. உற்பத்தி அவர் எதிர்பார்த்தபடி பெருகிவிட்டது, நேரம்தான் வரவில்லை. மிச்சமாகும் நேரம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை இயந்திரம் முடிவு செய்யாது. மெல்பர்ன் கல்தச்சர்கள் போலக் கேட்டு வாங்க வேண்டும், அலுவலகத்திலும் கேட்க வேண்டும், வீட்டிலும் கேட்க வேண்டும்.

நான் வீட்டில் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை மாலை 4 முதல் 7 வரை என் நேரம். முதல் சனிக்கிழமை மொட்டைமாடியில் போய் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. அரை மணி நேரத்துக்குள் இரண்டு முறை கீழே இறங்கி வந்து பார்த்தேன். இரண்டாவது முறை மகள் கதவருகே நின்று, "நாங்க பாத்துக்கிறோம், நீ போம்மா" என்று மேலே அனுப்பினாள். படிவத்தை இன்னும் பள்ளியில் கொடுக்கவில்லை. என் கட்டத்தை அவள் காலியாகவே வைத்திருக்கிறாள்.