பில் காலின்ஸைத் திட்டுவதற்கு முன்

ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ரசிகர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் இந்தத் தீர்ப்பு வந்துவிடும்: பீட்டர் கேப்ரியல் கலைஞன், பில் காலின்ஸ் வியாபாரி. 1975-இல் குழுவின் பாடகர் கேப்ரியல் வெளியேறினார், ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த காலின்ஸ் மைக்கைப் பிடித்தார், நீண்ட, சிக்கலான ப்ராக் (ப்ரோக்ரஸிவ் ராக்) பாடல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நாலு நிமிட ஹிட்டாகின. கல்லூரி நாட்களில் நானும் இதையே சொல்லித் திரிந்தவன்தான். இப்போது கேட்டால் எரிச்சல் வருகிறது.

1980-இல் வந்த கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பத்தில் 'இன்ட்ரூடர்' பாட்டுக்கு ட்ரம்ஸ் வாசித்தது யார்? காலின்ஸ்! சிம்பல் என்ற உலோகத் தட்டே கூடாது என்று கேப்ரியல் அடம்பிடிக்க, ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்காம் ட்ரம்ஸின் முழக்கத்தை ஊதிப் பெருக்கி, அது தேய்ந்து அடங்குவதற்குள் வெடுக்கென்று அறுத்துவிட்டார். இடி விழும், உடனே நிசப்தம். மறு வருடம் காலின்ஸ் அதையே 'இன் தி ஏர் டுநைட்'டில் இறக்கினார். அப்புறம் எண்பதுகளின் பாப் பாட்டெல்லாம் அந்தச் சத்தம்தான். இதில் கலை எது, வியாபாரம் எது, பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

1982-இல் பல நாட்டு இசையை ஒரே இடத்தில் கேட்க வைக்கிறேன் என்று கேப்ரியல் இங்கிலாந்தின் ஷெப்டன் மேலட்டில் வோமாட் விழாவைத் தொடங்கினார். பெருத்த நஷ்டம். கடன் கழுத்தை நெரித்தது. கைகொடுத்தது அந்த 'வியாபாரி' ஜெனிசிஸ்தான். கடனை அடைக்க அவரோடு மறுபடி சேர்ந்து ஒரு கச்சேரி. அதே வருடம் அக்டோபர் 2, மில்டன் கீன்ஸ், மழை. கேப்ரியலைச் சவப்பெட்டியில் வைத்து மேடைக்குத் தூக்கி வந்தார்கள். குழுவின் பழைய கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட் கடைசிப் பாடல்களுக்கு வந்து சேர்ந்தார். அந்த வசூல் கடனை அடைக்கப் போனது.

வோமாட் பிழைத்தது. 1985-இல் அங்கே பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடினார். 1989-இல் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் லேபிள் வந்தது. நம்ம மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கனடா கிட்டார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் செய்த 'ட்ரீம்' (1995) அந்த லேபிளில் வந்ததுதான். மழையில் நனைந்தவர்கள் கொடுத்த டிக்கெட் காசு எங்கெங்கோ சுற்றி என் ஹெட்போன் வரைக்கும் வந்திருக்கிறது.

இன்னொன்று. 1986 ஜூலையில் அமெரிக்கப் பட்டியலில் ஜெனிசிஸின் 'இன்விசிபிள் டச்' முதலிடத்தில் இருந்தது. அதைக் கீழே தள்ளியது கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்'. அப்போது யார் வியாபாரி?

டார்ஜான் படப் பாட்டுக்குக் காலின்ஸ் ஆஸ்கர் வாங்கியபோது நண்பர்களோடு சேர்ந்து நக்கலடித்திருக்கிறேன். அந்தப் பாட்டு இன்றும் எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம்.