சுங்குடிச் சட்டைக்கு இவ்வளவு கோபமா?

பழைய சுங்குடிச் சேலையை (முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய புள்ளிச் சேலை) ஒரு கல்லூரிப் பையனுக்குச் சட்டையாகத் தைத்து நேற்றுப் போட்ட படத்தை ஏன் எடுத்துவிட்டேன் என்று பலர் உள்பெட்டியில் கேட்கிறீர்கள். தைக்கக் கொடுத்த தம்பியே எடுக்கச் சொன்னான். "காலேஜ் குரூப்ல எல்லாம் போட்டுட்டாங்கக்கா, ப்ளீஸ்" என்றான். ஆம்பளை சேலைத் துணியைப் போடலாமா என்று வந்த கேலிக் கமெண்ட்டுகளைப் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அது அவனுடைய அப்பத்தா கட்டிய சேலை. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி. முந்தி நைந்துவிட்டது, உடல் பகுதி நன்றாகவே இருந்தது. நைந்த இடத்தை ஒதுக்கி வெட்டி, கரையைத் தனியாக எடுத்துப் பட்டன் பட்டிக்கும் காலரின் உள்பக்கத்துக்கும் வைத்தேன். பழைய துணி மெஷினில் இழுக்கும் என்பதால் காஜா (பட்டன் துளை) முழுவதும் கையால் எடுத்தேன். போட்டுப் பார்த்தவன் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ராத்திரி அதே பிள்ளை, "இதைப் பிரிச்சு அம்மாவுக்கு ஜாக்கெட்டா தச்சுடலாமாக்கா?" என்று கேட்கிறான். ஒரே நாளில் அவ்வளவு செய்துவிட்டீர்கள்.

துணியில் ஆண், பெண் கிடையாது. தையல் மெஷினே கதி என்று இருப்பவள் சொல்கிறேன். நான் அளவெடுப்பது தோளுக்கும் மார்புக்கும் கைக்கும். ஆண் சட்டைக்குப் பட்டன் வலது பக்கம், பெண் சட்டைக்கு இடது பக்கம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. ஏன் என்று கேட்டபோது எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், "அப்படித்தான்மா" என்றார். அதே மாதிரி, பெண்கள் சுடிதாருக்குப் பாக்கெட் வைக்கச் சொன்னால் கூட வந்த மாமியார் முகம் சுளிக்கிறார். இரண்டு ஜாண் துணி! அதற்குள் எதை ஒளித்துவைத்துவிடப் போகிறாள் அந்தப் பெண்?

என் அம்மா களை எடுக்கப் போகும்போது சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். வெயில் தாங்கும், தோகை அறுக்காது. இன்றைக்கும் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களைப் பாருங்கள், பாதிப் பேர் மேலே வீட்டுக்காரர் சட்டைதான். அதை யாரும் ஆம்பளைத் துணி என்று கேலி செய்து நான் கேட்டதில்லை. ஆனால் பேரன், அப்பத்தா சேலையில் சட்டை போட்டால் மட்டும் "பொம்பளத் துணி", "அடுத்து பாவாடையா?". ஏன்? ஆண் உடுப்பைப் போட்டால் பெண் ஒரு படி மேலே போகிறாள், பெண் உடுப்பைத் தொட்டால் ஆண் கீழே இறங்குகிறான் என்று உங்கள் மனசில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் கீழே இருப்பது நான். என் மகள். அந்த அப்பத்தா. நீங்கள் அவனைத் திட்டியதாக நினைக்கிறீர்கள். எனக்கு நம் எல்லாரையும் திட்டியதாகத்தான் படுகிறது.

கலாச்சாரம் என்னாவது என்று ஒருவர் கேட்டார். எந்தக் கலாச்சாரம் ஐயா? என் தாத்தா சாகும்வரை சிவப்புக்கல் கடுக்கன் போட்டிருந்தார், சின்ன வயதில் குடுமியும் வைத்திருந்தவர். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஆண் பிள்ளைக்கும்தானே காது குத்துகிறோம்? நடராசர் சிலையை ஒருமுறை உற்றுப் பாருங்கள், ஒரு காதில் குழை, மறு காதில் தோடு. கும்பிடும்போது வராத கூச்சம் கமெண்ட் போடும்போது எங்கிருந்து வருகிறது?

"அப்போ நாளைக்கு ஆம்பளைங்க சேலை கட்டுவாங்களா?" கட்டட்டும். கொசுவம் வைக்க நானே சொல்லித் தருகிறேன்.

"அவனே ஒரு மாதிரி" என்று எழுதி, கூடவே ஓர் எண்ணையும் போட்டவருக்கு: திருநங்கைகளை வைய நீங்கள் பயன்படுத்தும் அந்தச் சொல் இனி என் பக்கத்தில் வந்தால் பிளாக்தான். அவன் யார் என்பது அவன் பாடு. சட்டையைப் பார்த்து அதை முடிவு செய்ய நீங்கள் யார்?

இடத்துக்கு ஏற்ற உடை வேண்டாமா என்று கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார். சரி, வேண்டும். அவன் அதைப் போட்டுப் போனது கல்லூரிப் பொங்கல் விழாவுக்கு. கைத்தறியும் சுங்குடியும் உடுத்துவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் எது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் பாட்டி ஊர் நாகர்கோவில் பக்கம். அந்தப் பக்கம் திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை போட்டதற்காக அடித்தார்கள், பொது இடத்தில் துணியைக் கிழித்தார்கள். 1859இல்தான் மேலாடை அணியலாம் என்று அரசாணை வந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு! அடுத்தவர் எதை உடுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லக் கிளம்பியவர்கள் எந்த அளவுக்குப் போவார்கள் என்று எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால் தெரியும். இன்றைக்கு வாயால் கிழிக்கிறீர்கள்.

நேற்று முதல் கமெண்ட் போட்ட அண்ணனுக்கு ஒரு வார்த்தை. 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். தமிழ்நாடே கொதித்தது. வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று அந்த வருடமே சட்டசபையில் சட்டம் வந்தது. உடையை வைத்து மனுசனை அவமானப்படுத்துவதா என்று அன்றைக்கு நீங்கள் போட்ட நீளமான பதிவுக்கு நானும் லைக் போட்டேன் அண்ணே. வேட்டிக்கு ஒரு நியாயம், அந்தப் பிள்ளையின் சட்டைக்கு ஒரு நியாயமா? கமெண்ட்டை மூடவில்லை. வந்து பதில் சொல்லுங்கள்.